வேகமாக ஓட்டிவிட்ட இடம்

கொஞ்ச நாளாக என் வலது கை ஆள்காட்டி விரலை நான் நம்புவதில்லை. நாற்பத்தைந்து வயது ஆளுக்குத் தன் விரல் மேலேயே சந்தேகம் வந்தால் வீட்டில் சிரிக்கத்தான் செய்வார்கள். என் மனைவியும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டாள். கணினி முன்னால் உட்கார்ந்தால் அந்த விரல் எதை அழுத்துகிறது, எதைப் பார்த்து நிற்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று கவனித்துக்கொண்டே இருக்கிறேன். வேலை ஓடுவதில்லை.

நாங்கள் இருப்பது அயனம்பாக்கம் ஏரியை ஒட்டிய ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. மொத்தம் நான்கு பிளாக். கரூர், மதுரை, நாகர்கோவில் என்று எங்கெங்கிருந்தோ வந்து, வங்கிக் கடனில் வீடு வாங்கி, ஏரிக் காற்றைப் பற்றி ஊரில் பெருமையடித்துவிட்டு, ஏரிக் கொசுவைப் பற்றி இங்கே புலம்புகிறவர்கள். நானும் அதில் ஒருவன். கரூர்க்காரன். குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளர் வேறு. கூட்டத்துக்குத் தாமதமாகப் போன ஒரே குற்றத்துக்காக அந்தப் பதவியை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எங்கள் கேட்டில், செக்யூரிட்டி அறைக்குப் பக்கத்தில், ஓர் இரும்பு ஸ்டாண்டு உண்டு. கூரியர்காரர்கள் பார்சலை அதில் வைத்துவிட்டு, அதைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். நாங்கள் போகிறபோது வருகிறபோது எடுத்துக்கொள்வோம். எடுத்தவர் கையெழுத்துப் போட ஒரு நோட்டும் இருக்கிறது. அதில் யாரும் போட்டதில்லை, செயலாளர் உட்பட.

ஒரு திங்கட்கிழமை அந்த ஸ்டாண்டிலிருந்து ஒரு பார்சல் காணாமல் போனது. டி பிளாக்கில் இருக்கும் ஒருவர் தன் மகள் படிப்புக்காக வாங்கிய டேப்லெட். ஸ்டாண்டில் பெட்டி இருக்கும் போட்டோ அவர் போனில் இருந்தது, பெட்டி மட்டும் இல்லை. குடியிருப்போர் குரூப்பில் அவர் குதித்த குதியில் ஆளாளுக்குச் சேர்ந்துகொண்டார்கள். செக்யூரிட்டி எதற்கு, கேமரா எதற்கு, சங்கம் எதற்கு. கடைசிக் கேள்வி என்னை நோக்கி வந்ததால் புதன்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு, சங்கத்து அறையில் கேமராப் பதிவைப் பார்க்க உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை காலை பத்து மணியிலிருந்து சாயங்காலம் வரை பார்க்க வேண்டும். எட்டு மடங்கு வேகத்தில் ஓட்டினேன். அந்த வேகத்தில் மனிதர்கள் துரத்தப்பட்ட கோழிகள் மாதிரி ஓடுவார்கள். தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார். நிறுத்தினேன், மெதுவாக ஓட்டினேன். ஒன்றுமில்லை. ஏசி மெக்கானிக் வந்தார், நிறுத்தினேன். இஸ்திரிக்காரர் துணி மூட்டையோடு வந்தார். மூட்டையையே உற்றுப் பார்த்தேன். பதினொன்றே முக்காலுக்கு, துப்புரவுக்காரர்கள் போடும் நீலக் கோட்டில் ஒரு பெண் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் குனிந்தார். நிமிர்ந்தபோது இடுப்பில் ஓர் அட்டைப் பெட்டி. அதை அணைத்துக்கொண்டு பின்பக்கம் போனார். மொத்தம் பன்னிரண்டு விநாடி. நான்கு தடவை பார்த்தேன்.

"மாட்டிக்கிச்சு" என்று யாருமில்லாத அறையில் வாய்விட்டுச் சொன்னேன். அப்போது எனக்கு வந்தது சந்தோஷம்தான். அதை வேறு பெயர் சொல்லி மறைக்க முடியாது.

அந்த அம்மாவை எனக்கு ஏழு வருஷமாகத் தெரியும். எங்கள் பிளாக் படிக்கட்டைப் பெருக்கித் துடைப்பவர். ஐம்பது வயதிருக்கும். ஏரிக்கு அந்தப் பக்கம், பழைய ஊருக்குள் வீடு. இந்த ஏரித் தண்ணீரில் நெல் போட்ட குடும்பம். இப்போது வீட்டுக்காரர் பூந்தமல்லிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். குடியிருப்பில் பலரும் அவரை "ஏம்மா, இங்க வா" என்று கூப்பிடுவார்கள். நான் "வாங்க, போங்க" என்றுதான் பேசுவேன். அதில் எனக்கு உள்ளூர ஒரு பெருமை உண்டு.

அவரைக் கூப்பிட்டு விசாரிப்பதற்கு முன்னாலேயே அந்தப் பன்னிரண்டு விநாடியை வெட்டி எடுத்து குரூப்பில் போட்டேன். "அனைவரும் பார்க்கவும். தக்க நடவடிக்கை எடுக்கப்படும்" என்று கீழே எழுதினேன். ஐந்து நிமிஷத்தில் பதில்கள் கொட்டின. "நான் அப்பவே நினைச்சேன்" என்றார் ஒருவர். "இவங்கள லிஃப்ட்லயே விடக் கூடாது" என்றார் இன்னொருவர். போன வருஷம் வெள்ளிக் கிண்ணம் தொலைத்த ஓர் அம்மா, "இப்பதான் புரியுது" என்று எழுதினார்.

சாயங்காலம் சங்கத்து அறைக்குப் படிக்கட்டு துடைக்கும் அந்த அம்மாவை வரவழைத்தோம். நான், டேப்பைத் தொலைத்தவர், துப்புரவு கான்ட்ராக்ட் சூப்பர்வைசர், மூன்று பேரும் நாற்காலியில். அவர் வாசலில் நின்றார். வீடியோவைக் காட்டினேன்.

"அது காலி டப்பா சார்" என்றார். "பார்சலை அங்கயே பிரிச்சுட்டு டப்பாவ ஸ்டாண்டு கீழ போட்டுட்டுப் பூடுவாங்கோ. நான்தான் எடுத்துகினு போயி பின்னால கட்டி வெப்பேன். பழைய பேப்பர்கார்ரு வந்து வாங்கிகினு போவாரு. ஏழு வருசமா அதான் செய்றேன்."

"அப்ப அந்த டப்பா எங்க?"

"நேத்தே வந்து எடுத்துகினு பூட்டாரு சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு" என்றேன்.

ஏழு வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் "சொல்லு" என்றேன். அதை நான் கவனிக்கவில்லை. அவர் கவனித்தார் என்று இப்போது தோன்றுகிறது, ஏனென்றால் அதற்கு மேல் அவர் பேசவில்லை. "சைட் மாத்திடறேன் சார், பிரச்சினை வேணாம்" என்றார் சூப்பர்வைசர். மறுநாள் எங்கள் படிக்கட்டை வேறொருவர் துடைத்தார். அந்த அம்மாவை மண்ணூர்பேட்டையில் ஏதோ ஒரு கம்பெனிக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். மத்தியானங்களில் எங்கள் குடியிருப்பிலேயே மூன்று வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று வீட்டாரும் குரூப்பில் இருந்தார்கள். அதுவும் போயிற்று.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சென்னைக்கு வந்த புதிதில் காட்டுப்பாக்கத்தில் வீடு தேடியபோது, ஒரு வீட்டுக்காரர் குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு, "நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டார். தண்ணீரைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன். இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. அலுவலகத்தில் வருஷத்துக்கு ஒரு தடவை, நம்மை அறியாமலே மனதில் கிடக்கும் பாரபட்சம் பற்றி ஒரு கட்டாயப் பாடம் உண்டு. ஒரு மணி நேரப் பாடத்தை இருபது நிமிஷத்தில் முடித்து முழு மார்க் வாங்குவேன். சான்றிதழ்கூட வரும். எனக்குத் தெரியாததா என்ற நினைப்பு. ஊருக்கு உபதேசம் செய்கிறவனுக்கு வரும் அதே நினைப்புதான்.

அதற்கடுத்து வந்த இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை என் மனைவி பார்சல் பிரிக்க உட்கார்ந்தாள்.

எங்கள் வீட்டில் பார்சல்களை வந்த அன்றே பிரிப்பதில்லை. செருப்பு அலமாரிக்கு மேல் அடுக்கி வைத்து, ஞாயிற்றுக்கிழமை காபிக்கு அப்புறம் மொத்தமாகப் பிரிப்போம். முந்தின ஞாயிறு அவள் அலுவலக வேலையாக பெங்களூரில் இருந்தாள். அதனால் அடுக்கு உயர்ந்து போயிருந்தது. அவள் இல்லாத இரண்டு வாரத்துக்குப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள கரூரிலிருந்து என் மாமனார் வந்திருந்தார். ஜவுளிக் கடை நடத்தி ஓய்ந்தவர். சும்மா இருக்கத் தெரியாத மனிதர். தினமும் கீழே போய் பேப்பர் வாங்கி, பால் வாங்கி, எங்கள் பார்சல் ஏதாவது இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு வருவார்.

அடுக்கின் அடியிலிருந்த பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நான் ஆர்டர் பண்ணலையே" என்றாள் மனைவி.

டி பிளாக், 304. நாங்கள் பி பிளாக், 304.

மாமனார் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பெட்டியைப் பார்த்தார். "முன்னூத்தி நாலுன்னு இருந்துச்சுங்க மாப்பிள்ளை. நம்மளதுதான்னு எடுத்துட்டு வந்துட்டனுங்க."

செருப்பைக்கூடப் போடாமல் சங்கத்து அறைக்கு ஓடினேன். அதே திங்கட்கிழமை. பத்தே முக்கால் மணி வாக்கில் மாமனார் வருகிறார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. ஸ்டாண்டிலிருந்து ஒரு பெட்டியை எடுக்கிறார். கையை நீட்டித் தள்ளிப் பிடித்து எழுத்தைப் படிக்கிறார். கக்கத்தில் வைத்துக்கொள்கிறார். செக்யூரிட்டி எழுந்து வணக்கம் வைக்கிறார். மாமனார் போய்விடுகிறார்.

இதை நான் அந்தப் புதன்கிழமையே பார்த்திருக்கிறேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. திரையில் மாமனார் தெரிந்ததும், "இவர் ஒரு நிமிஷம் சும்மா இருக்க மாட்டார்" என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். வேகத்தைக் குறைக்கவில்லை. இன்னும் கூட்டினேன்.

காணாமல் போன பெட்டியைத் தேடி உட்கார்ந்தவன் நான். அந்தப் பெட்டி என் கண்ணுக்கு முன்னால், என் மாமனாரின் கக்கத்தில், என் வீட்டுக்குப் போனது. நான் அதைப் பார்த்துச் சிரித்தேன்.

அன்று முழுக்க அந்த அறையிலேயே உட்கார்ந்து மறுபடியும் எல்லாவற்றையும் பார்த்தேன். இந்தத் தடவை திரையை மட்டும் பார்க்கவில்லை, விரலையும் பார்த்தேன். கார் சாவியை ஆட்டிக்கொண்டு வந்தவர்கள், கழுத்தில் அலுவலக அட்டை தொங்கவிட்டவர்கள், குர்தா போட்ட பெண்கள் என்று எத்தனையோ பேர் அந்த ஸ்டாண்டிலிருந்து பெட்டி எடுத்துப் போனார்கள். புதன்கிழமை இவர்களில் ஒருவரிடம்கூட என் விரல் நிற்கவில்லை. வெளுத்ததெல்லாம் பால் என்று சின்ன வயதில் படித்தது எனக்கு அன்றுதான் உறைத்தது. யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நானும் தீர்மானித்துச் செய்யவில்லை. அதுதான் என்னை இன்னமும் உட்காரவிடாமல் செய்கிறது. தீர்மானித்துச் செய்திருந்தால் விட்டுவிடலாம்.

டேப்பை உரியவரிடம் கொடுத்தேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "விடுங்க சார், பெரியவர்தானே" என்றார்.

"அந்தம்மா விஷயம்?"

"அதான் வேற எடத்துல வேலை குடுத்துட்டாங்கள்ல" என்றார்.

குரூப்பில் எழுதினேன்: "காணாமல் போன பார்சல் கிடைத்துவிட்டது. தவறுதலாக வேறு வீட்டுக்குச் சென்றுவிட்டது. ஒத்துழைப்புக்கு நன்றி." பார்சலுக்குக் கால் முளைத்துத் தானாக நடந்து போன மாதிரி எழுதியிருந்தேன். எல்லாரும் கட்டை விரலை உயர்த்தினார்கள். அவ்வளவுதான், முடிந்தது. ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. குட்டி போட்ட பூனை மாதிரி ஹாலுக்கும் பால்கனிக்கும் அலைந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் எங்கள் செருப்பு அலமாரி மேல் இருந்தது, பழி ஏரிக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள், திங்கட்கிழமை, அந்த அம்மா வேலை முடிந்து வரும் நேரம் விசாரித்துக்கொண்டு, கரையைச் சுற்றி அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காரவில்லை. மன்னிப்புக் கேட்டேன். சூப்பர்வைசரிடம் பேசிப் பழைய இடத்துக்கே வரவழைக்கிறேன் என்றேன். அவர் அதையெல்லாம் கேட்ட மாதிரியே தெரியவில்லை.

"யாரு ஊட்டுக்குப் போச்சு சார் டப்பா?"

"எங்க வீட்டுக்குத்தான். எங்க மாமனார் தெரியாம எடுத்துட்டு வந்துட்டார்."

"வீடியோல கீறாரா?"

"இருக்கார்."

"அன்னிக்கே இருந்தாரா?"

"இருந்தார்" என்றேன்.

மடித்த சேலையை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். "என்னப் போட்டா மாதிரி அவரையும் போடுங்க சார்" என்றார். "எங்க தெருவுல ஆறு பொம்பளைங்கோ உங்காண்ட வேலைக்கு வர்றாங்கோ. அத்தினி பேர் போன்லயும் நான் டப்பா தூக்கிகினு போறது கீது. என் மருமவ பாத்துட்டு எங்கையில குடுத்தா. கெடச்சிருச்சுன்னு நீங்க எழுதுனதயும் காட்டுனா. அதுல என் பேச்சே இல்ல."

"அவர் வயசானவருங்க" என்றேன். சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நானும் ஒண்ணும் சின்னப் பொண்ணு இல்ல சார்" என்றார். அதில் கோபம்கூட இல்லை.

எங்கள் கேமராவில் பதினைந்து நாள் பதிவுதான் நிற்கும், அதற்கப்புறம் தானாக அழிந்துவிடும். அன்று பதினான்காவது நாள். அவருடைய பன்னிரண்டு விநாடியைப் பார்த்த சூட்டோடு வெட்டி எடுத்தவன், மாமனாருடையதை அதுவரை எடுத்து வைக்கவே இல்லை. ஒரு நாள் பேசாமல் இருந்தால் போதும், கேமராவே என் வேலையை முடித்துக் கொடுத்துவிடும். ஏரிக்கரையில் திரும்பி நடக்கும்போது இந்த யோசனை வந்தது. வந்ததோடு இல்லை, கூடவே பாதி வழி நடந்தும் வந்தது. வெட்கமாக இருந்தது. அப்படியும் மாமனாரின் முகம், கரூர்ச் சொந்தங்கள், மனைவி என்ன சொல்வாள் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருந்தன. அந்த அம்மாவின் வீடியோவைப் போட்டபோது அவருக்கு மருமகள் இருப்பாள் என்று நான் ஒரு விநாடி யோசித்ததில்லை.

நேராகச் சங்கத்து அறைக்குப் போய் அந்தப் பகுதியை வெட்டி எடுத்தேன். வீட்டுக்கு வந்து மாமனாரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் முழுதாகக் கேட்கக்கூட இல்லை.

"போடுங்க மாப்பிள்ளை. அந்தப் பொம்பளைக்கு நம்மாலதான இத்தனை கஷ்டம்? நான் என்ன திருடனுங்களா, பயப்படறதுக்கு?" என்றார். அப்புறம் போனை வாங்கிப் பார்த்துவிட்டு, "வேட்டி நல்லாத்தான் விழுந்திருக்குதுங்க" என்றார்.

செவ்வாய்க்கிழமை காலையில் குரூப்பில் போட்டேன். இந்தத் தடவை வளைத்து எழுதவில்லை. பார்சலை எடுத்தவர் என் மாமனார், அந்த அம்மா எடுத்தது வெறும் காலிப் பெட்டி, இதை முதல் நாளே பார்த்தும் என் ஆள் என்பதால் தாண்டிப் போய்விட்டேன், ஒரு பாவமும் அறியாதவரைத் திருடியாக்கியது நான் என்று எழுதினேன். அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். என்னைக் கிழித்துத் தொங்கவிடுவார்கள், செயலாளர் பதவி போகும் என்று நினைத்தேன். போகட்டும் என்றுதான் இருந்தது.

பத்து நிமிஷம் கழித்துத் திருப்பிப் பார்த்தேன். சிரிக்கும் முகங்கள், சிவப்பு இதயங்கள். "அங்கிள் ரொம்ப க்யூட்" என்று எழுதியிருந்தார் ஒரு பெண். "எங்க அப்பாவும் இப்படித்தான், ஊர்ப் பார்சலெல்லாம் எங்க வீட்லதான் இருக்கும்." "மாமனார் மேல கேஸ் போட்டுடாதீங்க செயலாளரே." வெள்ளிக் கிண்ணம் தொலைத்த அம்மா ஒரு இதயம் அனுப்பியிருந்தார். சி பிளாக்கில் ஒரே ஒருவர், "அந்தம்மாவிடம் எல்லாரும் மன்னிப்புக் கேட்க வேண்டாமா?" என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே அடுத்த இதயம் வந்துவிட்டது.

அன்று நாலு மணிக்கு மண்ணூர்பேட்டை பஸ் ஸ்டாப்பில் போய் நின்றேன். ஷிப்ட் முடிந்து வரும் கூட்டத்தில் அவரும் வந்தார். போட்டுவிட்டேன் என்று சொல்லிப் போனைக் கொடுத்தேன். பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வீடியோவை இரண்டு தடவை பார்த்தார்.

"நல்ல மனுசனாத்தான் தெரியுறாரு" என்றார்.

பிறகு நான் எழுதியதை, உதடு அசைய, ஒவ்வொரு வரியாகப் படித்தார். முகம் கொஞ்சம் தளர்ந்தது. எனக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது. போனை வாங்கக் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. விரலால் கீழே தள்ளிப் பார்த்துக்கொண்டே போனார்.

"சிரிச்சிகினு கீறாங்களே."

"ஆமாங்க."

"இன்னா இது, நெஞ்சு மாதிரி?"

"அது... பிடிச்சிருக்குன்னு போடறது."

கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். போனை என் பக்கம் நீட்டினார்.

"என்னுதுக்கு இன்னா சார் போட்டாங்கோ?"

அதுவும் அதே குரூப்பில்தான் இருந்தது. விரலால் நாலு தடவை மேலே தள்ளினால் வந்துவிடும். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு, பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தேன்.